ஒரு முழம் இறங்கிய பாய்

விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி வலிப்பு பற்றியது. எப்போதாவது வந்ததுண்டா என்று கேட்டுப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் போட்டிருந்தார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றபடியே பர்னபாஸ் மற்ற கேள்விகள் எல்லாவற்றையும் நிரப்பினார். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் மாதாதுறை, ராதாபுரம் தாலுகா. கடல் அனுபவம் என்ற இடத்தில் கோடு போதாமல் ஓரத்திலும் எழுதினார். கடைசியாகப் பதினோராவதுக்குத் திரும்பி வந்து, 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

இரண்டு முறை வந்திருந்தது. முதல்முறை கடலில், மனைவியின் அண்ணன் மார்ட்டினுடைய வள்ளத்தில், வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது. எழுந்து பார்த்தபோது வலதுகையில் ஒரு சாவி திணிக்கப்பட்டிருந்தது. நாலு பேர் அவரைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். அறுத்துவிட்ட வலை கடலோடு போய்விட்டது. அவருடைய கால் அதில் சிக்கியிருந்ததால் அறுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை நாலு மாதம் கழித்து வீட்டில், சோற்றுத் தட்டின் முன்னால். அதற்குப் பிறகு பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டு வருடமும் ஐந்து மாதமும் ஆகிவிட்டன. பிறகு வரவில்லை.

கடலுக்கு வராதே என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. விடியுமுன் கரைக்குப் போய் நின்றால், "ஆள் ஆயாச்சு" என்பார்கள். மார்ட்டின்கூடக் கண்ணைப் பார்க்காமல் அதைத்தான் சொன்னான். ஒருநாள் ஐந்து பேர் போகவேண்டிய வள்ளம் ஒன்று, ஐந்தாவது ஆள் காய்ச்சலில் படுத்துவிட, நாலு பேரோடு போனது. பர்னபாஸ் இருபது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அன்றே பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்தார். வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் வண்டி நிறுத்தும் இடத்தில் காவல் வேலை. மனைவி அஞ்சலின் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியின் சமையற்கட்டில் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் பர்னபாஸுக்கு இரண்டு வருடமாகத் தூக்கம் சரியில்லை. வெயில் அடிக்கிற சுவரையும், வரிசையாக நிற்கிற மோட்டார் சைக்கிள்களையும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, செத்துப்போனால்கூட இப்படித்தான் நிற்க வேண்டியிருக்குமோ என்று தோன்றும். ஒருமுறை அதை அஞ்சலினிடம் சொல்லிவிட்டார். அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. அவரைத் தனியாக விடவும் இல்லை.

கப்பல் விஷயம் ஒரு சுவரொட்டியில் தெரிந்தது. கொச்சியிலிருந்து 'நீலவேணி' என்ற, மூன்று பாய்மரங்கள் உள்ள கப்பல் தூத்துக்குடிக்கு வருகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாள் விழா. சனிக்கிழமை காலை பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரிப் பக்கம் போய், மறுநாள் திரும்பும். கப்பலில் வேலை செய்யத் தொண்டர்கள் தேவை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு முன்னுரிமை. கீழே சின்ன எழுத்தில், நன்றாக வேலை செய்யும் இருவர் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று இருந்தது. பர்னபாஸ் அந்தக் கடைசி வரியை மட்டும் போய்வரும்போதெல்லாம் படித்தார்.

விண்ணப்பத்தின் நகலை அஞ்சலின் அவர் சட்டைப்பையில் கண்டெடுத்தாள். பதினோராவது கேள்வி வரைக்கும் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இல்லைன்னு போட்டிருக்கிய."

"உண்டுன்னு போட்டா கூப்பிடுவானா?"

"டாக்டர் கையெழுத்து இருக்கு. அவரு என்ன கேட்டாரு?"

"பிரசர் பாத்தாரு. வேற நோய் ஏதும் உண்டான்னாரு. இல்லைன்னேன்."

"மரத்து மேல ஏறுத நேரம் வந்திச்சின்னா?"

அஞ்சலின் நகலை இரண்டு கையாலும் பிடித்தாள். கிழித்துப் போட்டுவிடுவாள் என்று நினைத்தார். அவள் அதை நாலாக மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"ஏறக்கூடாது. கீழ நின்னு செய்யுத வேலைய கேட்டு வாங்கிக்கிடணும். எங்க அண்ணனுக்குப் போன் போடுதேன். அவனும் பேர் குடுத்துக் கூட வரட்டும். உங்க மேலயே கண்ணா இருக்கணும்னு சொல்லுவேன். சம்மதம்னா போங்க."

"உங்க அண்ணனா? அவன்தானட்டி என்னயக் கரையில நிக்க வச்சது."

"அவன்தான் வலைய அறுத்ததும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் தொண்டர்களைச் சோதித்தவர் போசன் முஹ்சின். காயல்பட்டினத்துக்காரர், அறுபது வயது இருக்கும். அந்தப் பக்கத்து வழக்கப்படி எல்லாருக்கும் 'காக்கா', அதாவது அண்ணன். கப்பலின் கயிறுகளும் பாய்களும் அவர் பொறுப்பு. கல்லூரிப் பையன்கள், வங்கி ஊழியர்கள், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்று முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு கயிற்றைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னார். பர்னபாஸ் கயிற்றை வாங்கி விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, முறுக்கை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பிரித்துக் காட்டினார்.

"இது வேண்டாம் காக்கா. உள்ள ஒரு புரி போயிருக்கு."

முஹ்சின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எந்தத் தோணி?"

"ஒம்பது வருசம் இந்தத் தூத்துக்குடித் தோணியிலதான். கொழும்பு, மாலத்தீவு. பதினாறு வயசுல ஏறினேன்."

"அப்ப உமக்கு முடிச்சு எதுக்கு வே? போய் அங்கன நில்லும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டு எடம் இருக்கு. ஒண்ணு உமக்குன்னு வச்சிக்கிடும். நாளைக்கு மரத்துல ஏறி ஒரு சுத்து காட்டிரும், கேப்டன் பாக்கட்டும்."

"காக்கா, நான் கீழ நிக்கேன். பாய ஏத்துத ஆஞ்சான் கயித்துல விடுங்க."

முஹ்சின் ஏற இறங்கப் பார்த்தார். "தோணிக்காரனுக்கு மரம்னா பயமா?"

"முட்டியில வலி" என்றார் பர்னபாஸ். அன்று அவர் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யை, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று வாசலில் கேட்டவரிடம் சொல்லியிருந்தார்.

மார்ட்டினும் தேர்வாகியிருந்தான். கயிற்றைவிடத் தங்கையின் கணவனைத்தான் அவன் அதிகம் பார்த்தான். "மாத்திரை போட்டியா மாப்ள?" என்று இரவு கேட்டான். காலை நாலரை மணிக்கு எழுப்பி மறுபடி கேட்டான். "சத்தமா கேக்காத மச்சான்" என்று பர்னபாஸ் கெஞ்சினார்.

சனிக்கிழமை விடிந்ததும் கப்பல் புறப்பட்டது. மாசி மாதத்து வாடைக் காற்று பின்னாலிருந்து சீராக அடித்தது. பாய்கள் ஒவ்வொன்றாக விரிந்தபோது பார்வையாளர்கள் கைதட்டினார்கள். பர்னபாஸ் கைதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டு வருடமாக எதற்கு ஏங்கினாரோ அதன்மேல் நின்றுகொண்டு, அவர் தன் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறை வந்தபோது அந்த விரல்தான் முதலில் துடித்தது. இன்னும் இரண்டு பகல், ஓர் இரவு. அது துடிக்காமல் இருந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கையை விரித்து மடக்கிப் பார்த்தார். தண்ணீர் நிறையக் குடித்தார். வெயிலில் நிற்காமல் பாயின் நிழல் எங்கே போகிறதோ அங்கே நகர்ந்து நின்றார். கூப்பிட்ட வேலைக்கெல்லாம் முதல் ஆளாக ஓடினார். முஹ்சின் இரண்டு முறை அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அவருடைய இடம் நடுமரத்தின் அடி. மேல் பருமலை, அதாவது மேல்பாய் தொங்குகிற குறுக்குமரத்தை, ஏற்றி நிறுத்தும் ஆஞ்சான் கயிறு அங்கேதான் ஒரு முளையில் சுற்றப்பட்டிருந்தது. முன் ஆளாகப் பர்னபாஸ். அவருக்குப் பின்னால் பள்ளி ஆசிரியை விஜயஸ்ரீ. அவருக்கும் பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள்.

"அண்ணாச்சி, இழுன்னா இழுக்கேன், விடுன்னா விடுதேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்றார் விஜயஸ்ரீ. "பள்ளிக்கூடத்துல கப்பி பாடம் பதினஞ்சு வருசமா நடத்துதேன். இன்னைக்குத்தான் ஒண்ணத் தொட்டுப் பாக்கேன்."

"அது போதும்மா. கைய மட்டும் கயித்துல இருந்து எடுத்திராதீங்க."

மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி சுமாருக்கு மேல்பாய் கொஞ்சம் தொய்ந்திருப்பதை முஹ்சின் கவனித்தார். இன்னும் இரண்டடி ஏற்றவேண்டும். கயிற்றை முளையிலிருந்து பிரித்து, ஒரே ஒரு சுற்று மட்டும் விட்டு, பாரத்தைக் கையில் வாங்கி வைத்திருக்கச் சொன்னார். மேலே பார்த்துவிட்டு வந்து குரல் கொடுக்கிறேன் என்று முன்பக்கம் போனார். நாலு பேரும் கயிற்றைப் பிடித்தபடி காத்து நின்றார்கள்.

கரை அப்போது கிட்டத்தில் இருந்தது. செம்மணல் மேடான தேரி, அதன்மேல் பனைகள், காற்றாலைகள். அவற்றுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று நிமிர்ந்து வந்து கப்பலுக்கு நேராக நின்றது. மாதாதுறைக் கோயில் கோபுரம்.

அந்தக் கரையின் தோணிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போகும்போது சொந்த ஊர்க் கோபுரம் நேராக வந்தால், ஆஞ்சானில் நிற்கிறவன் பாயை ஒரு முழம் இறக்குவான். இடதுகையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் நெற்றியில் சிலுவை போட்டு, ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி முடித்து மறுபடி ஏற்றுவான். மாதாவுக்குத் தலை தாழ்த்துவது அது. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. ஒன்பது வருடத்தில் பர்னபாஸ் நூறு தடவைக்கு மேல் செய்திருப்பார். அதற்குப் பிறகு இருபது வருடமாக அவர் கையில் ஆஞ்சான் கயிறு இருந்ததில்லை. மார்ட்டினைப் போல எஞ்சின் வள்ளத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அந்த வழக்கமே கிடையாது.

கோபுரம் தெரிந்தது. பர்னபாஸின் வலதுகை கயிற்றை விட்டு நெற்றிக்குப் போனது.

தோணியில் தேங்காய்நார்க் கயிறு. ஒரு கையில் இறுக்கினால் நின்றுவிடும். இது வழவழப்பான புதுக் கயிறு. மேலே இருந்த பருமல் தோணிப் பருமலைப் போல ஐந்து மடங்கு கனம். ஒரு முழம் விட்ட கயிறு அங்கே நிற்கவில்லை. அவருடைய இடது உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. பின்னால் இருந்த பையன்கள் பயந்து கையை எடுத்துவிட்டார்கள். விஜயஸ்ரீ எடுக்கவில்லை. எடுக்காதே என்று பர்னபாஸ் சொல்லியிருந்தாரே. முஹ்சின் ஓடிவந்து கயிற்றை முளையில் சுற்றி நிறுத்துவதற்குள் பருமல் எட்டடி இறங்கி, மரமே அதிரும்படி உதறி நின்றது. பாய் படபடவென்று அடித்தது. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். விஜயஸ்ரீ இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டியபடி, அவை யாருடையவோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். தோல் இல்லை.

இவ்வளவும் நாலைந்து நொடி. பர்னபாஸ் அசையவில்லை. என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. புரிந்ததால்தான் அசைய முடியவில்லை. வலதுகை நெற்றிக்குப் பக்கத்தில் மடங்கியபடி இருந்தது. கண் கோபுரத்தில் குத்தி நின்றது. பாதிச் செபத்தில் உதடுகள் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

எதிர்ப்பக்கத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த மார்ட்டினுக்கு அது தெரிந்த காட்சி. வள்ளத்தில் பார்த்ததுதான்.

"வலிப்பு வந்திட்டு" என்று கத்தினான். "அவனுக்கு வலிப்பு உண்டு. தலையப் பிடிங்க லே. இரும்பு, யாராவது இரும்பு குடுங்க."

மூன்று பேர் சேர்ந்து பர்னபாஸைப் பலகையில் சாய்த்தார்கள். யாரோ காலைப் பிடித்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் சாவியை அவர் வலதுகையில் வைத்து விரல்களை மடக்கி அழுத்தினார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. விடுங்க."

"பைய, பைய. பேசாத மாப்ள."

"மச்சான், கோபுரம். கோபுரத்தப் பாத்தேன். மாதாவுக்கு இறக்கினேன்."

"சரி, சரி. இறக்கினே. படு." மார்ட்டின் அழுதுகொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், மாதா மாதா என்று பிதற்றுகிறார் என்று ஒரு பெண் சொன்னது பர்னபாஸ் காதில் விழுந்தது. அவர் எழுந்திருக்க முயன்றார். முயன்ற அளவுக்கு அழுத்திப் பிடித்தார்கள். கடைசியில், அமைதியாகக் கிடந்தால்தான் விடுவார்கள் என்று புரிந்துகொண்டு, சாவியை இறுக்கிப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தார். இடது கட்டைவிரல் துடிக்கவே இல்லை. அதை யாரிடமும் காட்ட முடியவில்லை.

அரை மணி கழித்துக் கேப்டன் அறைக்குக் கூட்டிப்போனார்கள். கேப்டன் பாலசுப்பிரமணியன் பாளையங்கோட்டைக்காரர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசைமேல் விண்ணப்பமும் கப்பலின் நாட்குறிப்பும் இருந்தன.

"வலிப்பு உண்டா, இல்லையா?"

"உண்டு சார். கடைசியா வந்து ரெண்டரை வருசம் ஆகப்போவுது. இன்னைக்கு வரல."

"இதுல இல்லைன்னு போட்டிருக்கு."

"பொய் சார்."

கேப்டன் எதிர்பார்த்திருக்கவில்லை. முஹ்சின் பக்கம் திரும்பினார்.

"இவரு இன்னைக்கு வரலன்னு சொல்லுதது நெசந்தான் கேப்டன்" என்றார் முஹ்சின். "இந்தக் கரை ஆளுவ கோபுரத்தக் கண்டா ஒரு முழம் பாய இறக்குவாங்க. நான் அவங்களோட ஓடினவன். வலிப்பு வந்தவன் சிலுவை போட மாட்டான்."

"அப்ப உத்தரவு இல்லாம கயித்த விட்டிருக்காரு."

"ஆமா. அதுவும் நெசந்தான்." முஹ்சின் பர்னபாஸைப் பார்க்காமல் சொன்னார். "கயித்துல நிக்கவனுக்கு என் குரல் மட்டும்தான் கேக்கணும். எம்புட்டு நல்ல ஆளா இருந்தாலும் இனி என் கயித்துல நிக்க வைக்க முடியாது."

கேப்டன் பேனாவைத் திறந்தார். "இங்க பாருங்க பர்னபாஸ். அந்த அம்மாவுக்கு ரெண்டு கையும் போயிருக்கு. நீங்க தெரிஞ்சு விட்டியன்னு எழுதினா விசாரணை, போலீசு எல்லாம் வரும். உடம்புக்கு முடியாமப் போச்சுன்னு எழுதினா உங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அத்தன பேரும் அப்படித்தான் பாத்திருக்காங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"வேண்டாம் சார். தப்புன்னு எழுதுங்க."

"உள்ள போகணும்னு ஆசையா?"

"போறேன் சார்." பர்னபாஸ் மேசை விளிம்பைப் பிடித்தார். கட்டுப் போட்ட இடதுகையிலிருந்து ரத்தம் கசிந்து மேசையில் பட்டது. "தப்பு செஞ்சவன ஒரு வருசம் கழிச்சு இன்னொரு கப்பல்ல எடுப்பான். காலப் பிடிச்சாவது ஏறிருவேன். வலிப்புன்னு கப்பல் புஸ்தகத்துல ஏறிட்டா எவனும் எடுக்க மாட்டான் சார். வள்ளத்துலகூட ஏத்த மாட்டான். கவனக்குறைவுன்னு போடுங்க. குடிச்சிருந்தான்னு வேணும்னாலும் போடுங்க."

அப்போது விஜயஸ்ரீ வாசலில் வந்து நின்றார். இரண்டு கைகளும் மணிக்கட்டு வரைக்கும் கட்டப்பட்டிருந்தன.

"அவரத் திட்டாதீங்க சார். முடியாத மனுசன். நான் புகார் ஒண்ணும் குடுக்கப் போறதில்ல." பர்னபாஸ் பக்கம் திரும்பினார். "இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்மா. நல்லா இருக்கும்போதுதான் விட்டேன். என்மேல புகார் குடுங்க."

"பரவாயில்ல, பரவாயில்ல. நீங்க போய்ப் படுங்க" என்றார் அவர், வகுப்பில் மயங்கி விழுந்த பிள்ளையிடம் பேசுகிற குரலில்.

கேப்டன் எழுதினார். ஆங்கிலத்தில் நாலு வரி. பர்னபாஸுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் ஒரு வார்த்தை அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டின் தலைப்பில் இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை பார்த்துவந்த வார்த்தை. எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்தபோதும் அடையாளம் தெரிந்தது. கேப்டன் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை மூடினார்.

மாலை ஐந்தரைக்குக் கப்பல் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு வெளியே நின்றது. விஜயஸ்ரீயையும் பர்னபாஸையும் மார்ட்டினையும் இறக்கிவிட ஒரு படகு வந்தது. கயிற்று ஏணியில் இறங்கும்போது மார்ட்டின் கீழே நின்று அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டான். படகுக்காரன் நகர்ந்து இடம் விட்டு, "நடுவுல உக்கார வைங்க அண்ணாச்சி. ஓரத்துல வேண்டாம்" என்றான். முஹ்சின் மேலே கைப்பிடிக் கம்பியருகே வந்து நின்றார். படகு விலகியதும் உள்ளே போய்விட்டார்.

கரையில் இறங்கியதும் மார்ட்டின் தங்கைக்குப் போன் போட்டான். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினான். பிறகு போனைக் கொண்டுவந்து நீட்டினான்.

"மாத்திரை போட்டியளா?" என்று அஞ்சலின் கேட்டாள்.

"போட்டேன்."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும் போட்டேன் அஞ்சலி. இது அது இல்ல. எனக்கு வரவே இல்ல. நம்ம ஊர்க் கோபுரம் நேரா வந்திச்சி. ஆஞ்சான் என் கையில இருந்துது. நானாத்தான் இறக்கினேன்."

விடுதிச் சமையற்கட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீயாவது நம்புட்டி" என்றார்.

"நம்புதேன், நம்புதேன்" என்றாள் அவசரமாக. "வெயில்ல நிக்காதீங்க. அண்ணன்கிட்ட குடுங்க."